மின்னிசை இளைஞர் நால்வர்

இலண்டன் மாநகரத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், எசெக்ஸ் மாவட்டத்தில், பாசில்டன் என்னும் ஊர் உள்ளது. பழம்பெருமை பேசத்தக்க ஊரன்று அது. இரண்டாம் உலகப்போரில் குண்டுகள் வீழ்ந்து இலண்டனில் எண்ணற்ற வீடுகள் அழிந்தன. இடமின்றி நெருக்குண்டு வாழ்ந்த மக்களைக் குடியமர்த்துதற்பொருட்டுப் புத்தூர்கள் சிலவற்றை ஆங்கில அரசினர் அமைத்தனர். 1946-இல் அதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. 1949-இல் பாசில்டன் புத்தூராக அறிவிக்கப்பட்டது. நேரிய தெருக்கள், ஓரளவான வீடுகள், தொழிற்சாலைகள், அங்காடிகள் ஆகிய யாவும் அங்கு எழுந்தன. எனினும் மாலைப்பொழுதில் இளைஞர் கூடிக் களிப்பதற்குரிய இடங்கள் மட்டும் போதிய அளவில் எழவில்லை.

அவ்வூரில் வளர்ந்த இளைஞர் சிலர் 1980-ஆம் ஆண்டில் ஓர் இசைக்குழுவினை அமைத்தனர். மேனாட்டு இளைஞர் இசைக்குழு அமைத்தல் புதுமையன்று. கிதார் இரண்டு, முரசத்தொகுதி ஒன்று, உரத்த குரல் ஒன்று இருந்தால் அந்நாளில் ராக் இசைக்குழு ஒன்று உருவாகிவிடும். பாசில்டன் இளைஞரோ கிதாரைக் கைவிட்டனர். முரசு கொட்டுவோரையும் வேண்டாமென்றனர். மின்னாற்றலால் ஒலியெழுப்பும் கருவிகள் மூன்றையே துணையாகக் கொண்டு புறப்பட்டனர். டெபேஷ் மோட் என்பது அக்குழுவிற்குப் பின்னர் வாய்த்த பெயர்.

குழுவின் முதல்வராய் விளங்கியவர் வின்ஸ் கிளார்க். அவர் 1960-இல் பிறந்தவர். அவரும் ஆண்ட்ரூ பிளெச்சரும் தேவாலயத்தைச் சார்ந்த சிறுவர் அணியில் ஒருங்கே பழகியவர்கள். இருவரும் சேர்ந்து முன்னரே கிதார்க்குழு ஒன்றை நடத்திப் பார்த்தனர், அது நிலைக்கவில்லை. 1979-இல் ‘ஆர்கெஸ்ட்ரல் மனூவர்ஸ் இன் தி டார்க்’ என்னும் குழுவினர், மின்னொலிக் கருவிகளை முதன்மையாகக் கொண்டு இசையமைத்த பாடலொன்றை இசைத்தட்டாக வெளியிட்டனர். அதனைக் கேட்ட கிளார்க்கின் உள்ளம் அப்புதிய ஒலியிற் சென்று படிந்தது. கிதாரை வைத்துவிட்டு மின்னொலிக் கருவி வாங்குதற்குப் பொருளீட்டத் தொடங்கினார்.

சிந்தசைசர் எனப்படும் அக்கருவியின் இயல்பினைச் சிறிது அறிதல் வேண்டும். வீணையில் நரம்பு அதிர்கிறது. குழலில் காற்று அதிர்கிறது. மத்தளத்தில் தோல் அதிர்கிறது. சிந்தசைசரில் இவ்வாறு அதிரும் உறுப்பு யாதும் இல்லை. அதனுள் அமைந்த மின்சுற்று ஒன்றில் மின்னழுத்தம் நொடிக்குப் பன்னூறு முறை ஏறி இறங்குகிறது. நொடிக்கு 440 முறை ஏறியிறங்கினால் ஒரு சுரம் பிறக்கும். 880 முறையானால் அதே சுரம் மேல்தானத்தில் ஒலிக்கும். இவ்வேற்ற இறக்கமே ஒலிபெருக்கியை அடைந்து காற்றினை அசைத்துச் செவிக்கு எட்டுகிறது. அவ்வாறு பிறக்கும் ஒலி முதலில் கரடுமுரடாய் இருக்கும். அதனை வடிகட்டிச் செம்மை செய்வதற்கு ஒரு சுற்று உண்டு. ஒலி எவ்வளவு விரைவில் எழவேண்டும், எவ்வளவு மெல்ல அடங்கவேண்டும் என்பதனை வரையறுப்பதற்கு மற்றொரு சுற்று உண்டு. குமிழ்களைத் திருகித் திருகி மணியோசையையும், காற்றின் இரைச்சலையும், முரசின் அதிர்வையும், இதுகாறும் ஒருவரும் கேட்டறியாத ஓசைகளையும் அக்கருவியில் பிறப்பிக்கலாம்.

அமெரிக்கராகிய இராபர்ட் மூக் என்பவர் 1964-இல் இத்தகைய கருவியொன்றை உருவாக்கினார். தொடக்கத்தில் அஃது ஓர் அலமாரி அளவினதாய் இருந்தது. விலையோ செல்வர்க்கே உரியது. 1970-களின் பிற்பகுதியில் சப்பானிய நிறுவனங்கள் சிறிய கருவிகளைக் குறைந்த விலைக்கு விற்கத் தலைப்பட்டன. மாதச்சம்பளம் பெறும் எளிய இளைஞரும் முயன்றால் ஒன்றை வாங்கலாம் என்னும் நிலை அப்பொழுதுதான் வந்தது. அந்நிலை வாராதிருப்பின் பாசில்டன் இளைஞரின் கதையும் இல்லை. ஆனால் இச்சிறு கருவிகளுக்கு ஒரு குறை இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே அவை ஒலிக்கும். ஒரே கருவியில் பல சுரங்களை ஒருங்கே இசைத்தல் இயலாது. ஆதலால் மூவர் மூன்று கருவிகளில் மூன்று தனி மெட்டுகளை வாசித்து, அவை ஒன்றோடொன்று பின்னிச் செல்லுமாறு பாடலை அமைக்க வேண்டியதாயிற்று. இக்குழுவினரின் தொடக்க காலப் பாடல்களில் காணப்படும் தெளிவும் எளிமையும் பெரும்பாலும் இக்குறையினின்று பிறந்தவையே.

பிளெச்சரோடு ஒரே வகுப்பிற் பயின்றவர் மார்ட்டின் கோர். அவர் நாணமிக்கவர், பேச்சுக் குறைந்தவர். பள்ளிப்படிப்பு முடிந்தபின் இலண்டனில் ஒரு வங்கியிற் பணியாற்றினார். பிளெச்சர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் எழுத்தராய் அமர்ந்தார். கோர் தம் ஊதியத்தில் யமாகா சிந்தசைசர் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அக்கருவி அவரிடம் இருந்தமையே அவர் குழுவிற் சேர்க்கப்பட்டதற்கு ஒரு காரணம் என்று பின்னாளில் நகைச்சுவையாகக் கூறுவதுண்டு. மூவருக்கும் கருவி வாசித்தலில் விருப்பம். மேடையின் முன்னே நின்று பாடுதற்கோ ஒருவருக்கும் துணிவில்லை. அந்நிலையில், பயிற்சி நடந்த இடமொன்றில் டேவ் காஹன் என்னும் பதினெட்டு வயது இளைஞர் பாடுவதைக் கிளார்க் கேட்டார். உடனே குழுவிற்கு அழைத்துக்கொண்டார். காஹன் அப்பொழுது சவுத்தெண்டு நகரக் கல்லூரியில் ஆடையழகு, கடைக்காட்சி ஆகியவை குறித்துப் பயின்றுவந்தார்.

குழுவிற்கு முதலில் இருந்த பெயர் ‘கம்போசிஷன் ஆஃப் சவுண்ட்’ என்பது. ஒலிக்கோவை என்று பொருள்படும். அது காஹனுக்குப் பிடிக்கவில்லை. ஆடையழகு பற்றிய பிரெஞ்சு இதழொன்றின் பெயரைக் கண்டார். டெபேஷ் மோட் என்பதனையே குழுவின் பெயராக்கினார். ‘விரைந்த நாகரிகம்’ என்பது அதன் பொருளென நெடுநாள் கருதினர். உண்மையில் ‘நாகரிகச் செய்தி’ என்பதே அவ்விதழ்ப் பெயரின் பொருளுக்கு அணித்தாகும். சொல்லின் பொருளினும் ஓசையே அவர்களைக் கவர்ந்தது போலும்.

அவர்கள் பயிற்சி செய்த முறையும் வியப்பிற்குரியது. ராக் இசைக்குழு ஒன்று வீட்டிற் பயின்றால் தெருவே அதிரும். அண்டை வீட்டார் சினந்து வருவர். இவர்களோ செவியில் ஒலிப்பான்களை மாட்டிக்கொண்டு வாசித்தனர். இசை அவர்களுக்கு மட்டுமே கேட்டது. வெளியே கேட்டதெல்லாம் விசைகள் எழுந்து தாழும் ‘டக் டக்’ என்னும் ஓசையொன்றே. அவ்வோசையும் பொறுக்கவில்லையென்று கிளார்க்கின் அன்னையார் கடிந்துகொண்டதாக அவர்கள் பின்னர் நினைவுகூர்ந்தனர்.

பாடல்கள் சிலவற்றை ஒலிநாடாவிற் பதிந்துகொண்டு கிளார்க்கும் காஹனும் இலண்டனுக்குச் சென்றனர். அஞ்சலில் அனுப்பினால் நாடா குப்பைக்கூடைக்குப் போகும் என்று அஞ்சி, இசைத்தட்டு நிறுவனங்களின் வாயிலுக்கு நேரிற் சென்று கேட்பித்தனர். பல இடங்களில் மறுப்பே கிடைத்தது. ரஃப் டிரேட் என்னும் சிறு நிறுவனத்தார் பாடல் நன்று எனினும் தமக்கு ஏற்றதன்று என்றனர். அங்கே நின்றிருந்த ஒருவரைக் காட்டி, அவர் விரும்பக்கூடும் என்றும் கூறினர். அவரோ அன்று வேறொரு தொல்லையால் மனங்கசந்திருந்தார். இளைஞரை ஒருமுறை நோக்கிவிட்டு, யாதும் கூறாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியேறிவிட்டார். அவர் பெயர் டேனியல் மில்லர்.

இவ்வரலாற்றில் மில்லரின் பங்கு சிறிதன்று. ஆஸ்திரிய நாட்டில் நாசிகளின் கொடுமைக்குத் தப்பி இலண்டனை அடைந்த நடிகர் குடும்பத்திற் பிறந்தவர் அவர். திரைப்படத் தொகுப்பாளராய்ப் பணியாற்றியவர். பழைய சிந்தசைசர் ஒன்றையும், நான்கு தடங்களில் பதியும் ஒலிப்பதிவுக் கருவியொன்றையும் வாங்கித் தம் வீட்டிலிருந்தவாறே இரண்டு பாடல்களைத் தாமே இசைத்தார், தாமே பதிந்தார், 1978-இல் தாமே இசைத்தட்டாக வெளியிட்டார். ஐந்நூறு தட்டுகள் அடிக்கலாம் என்றிருந்தவரை ரஃப் டிரேட் கடையினர் இரண்டாயிரம் அடிக்குமாறு தூண்டினர். தட்டின் உறையில் வெளியீட்டகத்தின் பெயர் வேண்டுமே என்று ‘மியூட்’ என்று அச்சிட்டார். மியூட் என்றால் ஊமை. இசை விற்கும் நிறுவனத்திற்கு அவ்வாறு பெயரிட்ட துணிவு பாராட்டத்தக்கது! உறையில் முகவரியும் இருந்தமையால், இளைஞர் பலர் தம் ஒலிநாடாக்களை அம்முகவரிக்கு அனுப்பத் தொடங்கினர். ஒரு பாடலோடு நின்றுவிட எண்ணியவர் இவ்வாறு நிறுவனத்தின் தலைவராகிவிட்டார்.

மில்லருக்கு ஒரு கனவும் இருந்தது. பதின்பருவத்தினர் சிலர் கிதாரைத் தீண்டாமலே, சிந்தசைசரை முதற்கருவியாகக் கொண்டு இசைக்குழு அமைப்பர் என்று அவர் எதிர்பார்த்தார். அத்தகையோர் எவரும் வாராமையின் ‘சிலிக்கான் டீன்ஸ்’ என்று ஓர் இளைஞர் குழுவைக் கற்பனையாகப் படைத்து, இசை முழுவதையும் தாமே அமைத்து, 1980-இல் ஓர் இசைத்தட்டுத் தொகுப்பினையும் வெளியிட்டார். அவர் கற்பனை செய்த குழு உயிரோடு வந்து எதிரே நின்றபொழுதுதான் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்!

எனினும் ஊழ் மீண்டும் கூட்டிவைத்தது. 1980-ஆம் ஆண்டின் இறுதியில், கிழக்கிலண்டனில் கேனிங் டவுன் பகுதியிலிருந்த பிரிட்ஜ் ஹவுஸ் என்னும் மதுக்கூடத்தில் ஓர் இசைநிகழ்ச்சி நடந்தது. மில்லரின் வெளியீட்டகத்தைச் சார்ந்த ஃபேட் கேட்ஜெட் என்னும் கலைஞர் அன்று பாடவிருந்தார். அவருக்கு முன்னர்ச் சிறிது நேரம் இசைக்கும் வாய்ப்பு டெபேஷ் மோட் குழுவினர்க்குக் கிடைத்தது. மேடையில் மதுப்புட்டிப் பெட்டிகளைத் தலைகீழாகக் கவிழ்த்து, அவற்றின்மேல் மூன்று கருவிகளையும் ஆடியாடி நிற்குமாறு வைத்திருந்தனர். காஹன் தாமே செய்த விளக்குப்பெட்டி ஒன்றைக் காலடியில் வைத்து, அதன் ஒளி முகத்திற் படுமாறு அசையாது நின்று பாடினார். முதற்பாடலைக் கேட்ட மில்லர் நன்று என்று எண்ணினார். சிறந்த பாடலை முதலில் வைத்திருப்பர், அடுத்தது தளர்ந்துவிடும் என்று கருதினார். அடுத்ததும் நன்றாகவே இருந்தது; அதற்கடுத்ததும் அவ்வாறே. நிகழ்ச்சி முடிந்ததும் மேடைப்பின்புறம் சென்று இளைஞரைச் சந்தித்தார்.

செய்தி பரவியதும் பெரிய நிறுவனங்களும் இளைஞரை நாடிவந்தன. முன்பணமாகப் பெருந்தொகை தருவதாக அவை ஆசை காட்டின. மில்லரிடம் கொடுப்பதற்குப் பணமில்லை. ஒரு பாடலை இசைத்தட்டாக்குவோம். அது நன்றாக அமைந்தால் அடுத்ததைப் பார்ப்போம். நாட்டினுள் வரும் ஊதியத்தைச் செம்பாதியாகப் பகிர்ந்துகொள்வோம். விரும்பாதபொழுது நீங்கள் விலகிப் போகலாம். இவையே அவர் கூறிய நெறிகள். ஒப்பந்தத்தாள் இல்லை, கையெழுத்தில்லை, சான்றாளரும் இல்லை. கைகுலுக்கியதோடு உடன்பாடு முடிந்தது.

பதினெட்டும் இருபதும் ஆன இளைஞர், வங்கியிலும் அலுவலகத்திலும் சிறு சம்பளம் பெறுவோர், கண்முன் நின்ற பெரும்பொருளை விடுத்து ஒருவர் கைச்சொல்லை நம்பியது எங்ஙனம்? பெருநிறுவனத்தின் முன்பணம் கொடையன்று, கடன். பின்னர் விற்கும் தட்டுகளின் வருவாயினின்று அது கழிக்கப்படும். கடன்பட்டவன் எப்பாடலை வெளியிடுவது, எவ்வுடை உடுத்துவது என்பதில் தன் விருப்பம் பேச இயலாது. இவ்வுண்மையை அவர்கள் நன்கு ஆராய்ந்து அறிந்திருந்தனரோ, அன்றித் தாமே சிந்தசைசர் வாசித்துப் பாடிய ஒருவர் தம் இசையை அறிவார் என்னும் நம்பிக்கையொன்றே அவர்களை ஈர்த்ததோ, எவ்வாறாயினும் அவர்கள் தேர்ந்தது நல்வழியே.

முதற்பாடல் ‘டிரீமிங் ஆஃப் மீ’ 1981 பிப்ரவரியில் வெளிவந்தது; ஆங்கிலநாட்டு விற்பனைப் பட்டியலில் 57-ஆம் இடம் பெற்றது. சூன் மாதத்தில் வந்த ‘நியூ லைஃப்’ 11-ஆம் இடத்தை எட்டியது. பிபிசி தொலைக்காட்சியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தது. நாட்டினர் பலர் கண்ட நிகழ்ச்சி அது. அதற்குச் செல்ல ஊர்தி ஒன்றும் அவர்களிடம் இல்லை. சிந்தசைசர்களைக் கையிடுக்கில் சுமந்துகொண்டு புகைவண்டியேறி இலண்டன் சென்றனர். முரசும் பெருக்கியும் சுமக்கும் குழுவாயின் அது நடவாத செயல். கோரும் பிளெச்சரும் அப்பொழுதும் தத்தம் அலுவல்களை விட்டுவிடவில்லை.

பாடல்கள் பதியப்பெற்ற இடம் தென்கிழக்கு இலண்டனில் இருந்த பிளாக்விங் ஒலிப்பதிவு நிலையம். வழிபாடு நின்றுபோன பழைய தேவாலயமொன்றில் அஃது அமைந்திருந்தது. எரிக் இராட்கிளிஃப் என்பவர் அதன் பொறியாளர். மில்லர் தம்மிடமிருந்த சிந்தசைசரையும், சுரங்களை வரிசைப்படுத்தித் தானே வாசிக்கும் வரிசைப்பொறியையும் அங்கே கொணர்ந்தார். மனிதக் கை தளரும். விரைவு கூடும், குறையும். பொறி தளராது. ஒவ்வோர் அடியும் இம்மியும் பிசகாமல் வீழ்ந்தது. செப்டம்பரில் வெளிவந்த ‘ஜஸ்ட் கான்ட் கெட் எனஃப்’ 8-ஆம் இடம் பெற்றது. இலையுதிர் காலத்தில் ‘ஸ்பீக் அண்டு ஸ்பெல்’ என்னும் முதல் தொகுப்பு வெளிவந்து 10-ஆம் இடத்தை அடைந்தது. எழுத்துக்கூட்டக் கற்பிக்கும் மின்னணு விளையாட்டுக் கருவியொன்றின் பெயரே அத்தொகுப்பின் பெயர்.

வெற்றி வந்த அளவில் இடரும் வந்தது. பாடல்களுள் மிகப் பலவற்றை இயற்றியவர் கிளார்க். பேட்டிகளும், படப்பிடிப்புகளும், ஓயாப் பயணங்களும் அவருக்கு உவர்ப்பாயின. 1981-ஆம் ஆண்டு முடிவதற்குள் குழுவினின்று நீங்கினார். கூத்தனை இழந்த மேடைபோல் ஆயிற்று குழு. பாடலாசிரியர் போனபின் இவர்கள் எத்தனை நாளைக்கு என்று இசையுலகினர் ஐயுற்றனர். அவ்வாறு ஐயுற்றதில் தவறும் இல்லை. முதல் தொகுப்பில் கோர் இயற்றியவை இரண்டே. அவற்றுள்ளும் ஒன்று சொல்லற்ற வெறும் இசை.

பேச்சுக் குறைந்த அவ்விளைஞர் முன்னரே தாம் எழுதி வைத்திருந்த ‘சீ யூ’ என்னும் பாடலை எடுத்துக் கொடுத்தார். 1982-இன் தொடக்கத்தில் அது வெளிவந்து 6-ஆம் இடம் பெற்றது. கிளார்க் இருந்த காலத்தில் அவர்கள் எட்டிய உயரத்தினும் இது மிகுதி. அவ்வாண்டிலேயே மூவரும் மில்லர் துணையோடு ‘எ புரோக்கன் ஃபிரேம்’ என்னும் இரண்டாம் தொகுப்பினை முடித்தனர்.

மேடையில் மூன்றாவது கருவியை வாசிப்பதற்கு ஆள் வேண்டியிருந்தது. பெயர் குறியாமல் இதழொன்றில் விளம்பரம் செய்தனர். இருபத்தொரு வயதிற்கு உட்பட்டவராய் இருத்தல் வேண்டும் என்றும் அதிற் கண்டிருந்தது. ஆலன் வைல்டர் என்பவர் வந்து வாசித்துத் தேறினார். முறையாக இசைபயின்ற அவர், இருபத்திரண்டு வயதினை மறைத்தே இடம்பெற்றார். இரண்டாம் தொகுப்பின் பதிவில் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கிளார்க்கின்றித் தாமே இயங்கவல்லோம் என்பதை உலகிற்குக் காட்ட மூவரும் விரும்பினர். வைல்டர் சற்று வருந்தினார். ஆயினும் பொறுத்திருந்து அவ்வாண்டின் இறுதியில் முழு உறுப்பினரானார். 1995 வரை குழுவின் இசைக்கு அவர் ஆற்றிய தொண்டு பெரிது.

இக்காலத்தில் மின்னிசைக்கு வேறொரு பக்கத்தினின்றும் எதிர்ப்புக் கிளம்பியது. பாரி மேனிலோ என்னும் அமெரிக்கப் பாடகர் தம் ஆங்கிலநாட்டுப் பயணத்தில் பக்க இசைக்குழுவினருக்கு மாறாகச் சிந்தசைசர்களைப் பயன்படுத்தினார். பலர்க்கு வேலை போயிற்று. 1982-இல் இசைவாணர் சங்கத்தின் நடு இலண்டன் கிளை, சிந்தசைசரையும் தாளப்பொறியையும் தடைசெய்ய வேண்டுமென்று தீர்மானம் இயற்றியது. சங்கம் முழுவதும் அதனை ஏற்கவில்லை. வயலின் வாசித்துப் பிழைக்கும் முதியவர் ஒருவரின் அச்சத்தை நகைத்துத் தள்ளுதல் முறையன்று. பொறி வந்த இடத்தில் கை ஓய்தல் உண்மையே. ஆயினும் பாசில்டன் இளைஞர் எவரையும் வேலையினின்று நீக்கி அவ்விடத்தில் பொறியை அமர்த்தவில்லை. பொறி இல்லையேல் அவர்கள் வங்கியிலும் அலுவலகத்திலுமே இருந்திருப்பர்.

நீங்கிச் சென்ற கிளார்க் என்ன ஆனார்? அதே பாசில்டனில், கோரும் பிளெச்சரும் பயின்ற வகுப்பிலேயே பயின்ற அலிசன் மொயே என்னும் நங்கையோடு சேர்ந்து ‘யாசூ’ என்னும் இருவர் குழுவினை அமைத்தார். அவர்களுடைய ‘ஓன்லி யூ’ 1982-இல் 2-ஆம் இடத்தை எட்டியது. அதனைப் பதிந்ததும் பிளாக்விங் நிலையத்திலேயே. வெளியிட்டதும் மில்லரின் மியூட் நிறுவனமே. பிரிந்த நண்பர் இருசாராரும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தனர். விலகிப் போகலாம் என்று மில்லர் சொல்லியிருந்தார். கிளார்க் குழுவினின்று விலகினாரேயன்றி மில்லரினின்று விலகவில்லை.

டெபேஷ் மோட் குழுவினரும் எழுத்தொப்பந்தமின்றியே பல ஆண்டுகள் மியூட் நிறுவனத்தோடு இயங்கினர். உலகப் பெருநகரங்களின் விளையாட்டரங்குகள் நிறையுமளவு புகழ் வந்தபின்னும் மில்லரோடு அவர்கள் கொண்ட தொடர்பு மூன்று பத்தாண்டுகள் நீடித்தது. பிளெச்சர் 2022 மே மாதத்தில் காலமானார். எஞ்சிய காஹனும் கோரும் 2023-இல் புதிய தொகுப்பொன்றை வெளியிட்டு மீண்டும் மேடையேறினர். 1981-இல் கிளார்க் இயற்றிக் கொடுத்த ‘ஜஸ்ட் கான்ட் கெட் எனஃப்’ பாடலை அம்மேடைகளிலும் பாடினர்.